ஒரு மில்லி ரத்தம், ஒரு துண்டுச் சீட்டு: ஏபிஜி பரிசோதனைக்கு ஒரு நர்ஸ் போடும் மதிப்பெண்

போன் வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ஆளாளுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள். 14 வருஷமாக நான் தினமும் பழகுகிற ஒன்றைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் ஐசியுவின் மூலையில், மருந்து ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. நோயாளியின் தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தை அதன் மூக்கில் காட்டினால், ஒன்றிரண்டு சொட்டை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றிரண்டு நிமிஷத்தில் கடை பில் மாதிரி ஒரு சீட்டைத் துப்பும். தமனி ரத்த வாயுப் பரிசோதனை என்பது முழுப் பெயர். வார்டில் அப்படி யாரும் சொல்வதில்லை. "ஏபிஜி போட்டாச்சா?" அவ்வளவுதான்.

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக மதிப்பெண்ணை இப்போதே சொல்லிவிடுகிறேன்: 5க்கு 4. போன அந்த ஒன்றில் பாதிப் பழி பெட்டி மேல், பாதி எங்கள் கை மேல்.

நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணமான ராத்திரியை முதலில் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஐயா ஒருவர். பல வருஷம் புகைத்தவர்; சிஓபிடி என்று நாங்கள் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சு முட்டுகிறது என்று வந்தவருக்கு யாரோ மாஸ்க் வைத்து ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆக்சிஜன் பார்க்கும் விரல் கிளிப்பில் 98 சதவீதம். மானிட்டரில் ஒரு அலாரம் இல்லை. பக்கத்தில் இருந்த மகள் நிம்மதியாகச் சொன்னார்: "இப்பதான் சிஸ்டர், அப்பா நல்லாத் தூங்குறார்."

எனக்கு அந்தத் தூக்கம் பிடிக்கவில்லை. தோளைத் தட்டினேன். கண்ணைத் திறந்து ஏதோ குழறினார், சொல்ல வந்ததை முடிக்காமலே மூடிக்கொண்டார். இரண்டு கையையும் நீட்டி விரலை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்த கை நிற்கவில்லை. மணிக்கட்டு தொய்ந்து விழுவதும் சட்டென்று எழுவதுமாக இருந்தது. உள்ளங்கை நல்ல சூடு. டூட்டி டாக்டரை எழுப்பிவிட்டு, அவர் வருவதற்குள் சிரிஞ்சை எடுத்தேன்.

சீட்டு வந்தது. பிஎச் 7.19. கார்பன் டை ஆக்சைடு 88. ஆக்சிஜன் 118. பைகார்பனேட் 32.

தெரியாதவர்களுக்கு: பிஎச் என்பது ரத்தத்தின் அமில நிலையைக் காட்டும் எண், இறங்கினால் அமிலம் ஏறுகிறது என்று அர்த்தம். அது 7.35க்கும் 7.45க்கும் நடுவில் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம். ஆக்சிஜன் சாதாரணக் காற்றில் 80 முதல் 100. அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் 22 முதல் 26. இவருக்கு ஆக்சிஜன் தேவைக்கு மேலேயே இருந்தது. வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடு இரண்டு பங்காகத் தேங்கிக் கிடந்தது. மகள் தூக்கம் என்று நினைத்தது அந்த வாயு கொடுத்த மயக்கம்.

விரல் கிளிப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஹீமோகுளோபினில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை, அதைச் சரியாகத்தான் செய்தது. கார்பன் டை ஆக்சைடு என்று ஒன்று உடம்பில் இருப்பதே அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து ஆக்சிஜனைக் கொட்டக் கொட்ட, மூச்சு படுத்தே போனாலும் அது நெடுநேரம் 98 என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்தச் சீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த எண் நாலாவதாக வந்த 32. கார்பன் டை ஆக்சைடு ஏறினால் ரத்தம் அமிலமாகும். அதை ஈடுகட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டைப் பிடித்து வைக்கும். ஆனால் சிறுநீரகம் நிதானமான ஆள், முழுதாக ஈடுகட்ட நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரே ராத்திரியில் 32 வராது. அப்படியானால் இந்த ஐயாவுக்கு வாயு தேங்குவது இன்று தொடங்கியதல்ல. பல மாதமாக, ஒருவேளை வருஷக்கணக்காக உடம்பு சமாளித்துக்கொண்டு வந்திருக்கிறது, இன்று தடுமாறிவிட்டது. பழைய ஃபைல் எதுவும் கையில் இல்லாத நேரத்தில் இதைச் சொன்னது ஒன்றரை அங்குலக் காகிதம்.

ஆக்சிஜனைக் குறைத்தோம். இவர்களுக்கு 88 முதல் 92 சதவீதம் போதும், 98க்கு ஆசைப்படக் கூடாது. முகத்தில், அழுத்தத்தோடு மூச்சு கொடுக்கும் பைபேப் மாஸ்க் மாட்டினோம். இரண்டு மணி நேரம் கழித்து பிஎச் 7.31, வாயு 63. விடியும் நேரத்தில் கண்ணைத் திறந்து "இது எந்த இடம்?" என்று கேட்டார்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். உண்மையில் அது நேரடியாக அளப்பது மூன்றைத்தான்: பிஎச், கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன். பைகார்பனேட் கணக்குப் போட்டு வருவது. அளக்கும் மூன்றுக்கும் தனித்தனி மின்முனை உண்டு. இப்போது கிடைக்கும் பெட்டிகளில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளுக்கோஸ், லாக்டேட், ஹீமோகுளோபின் எல்லாம் கூடவே வருகின்றன. அந்தப் பொட்டாசியத்துக்காகவே ஒரு நாள் இதைக் கும்பிட்டிருக்கிறேன். டயாலிசிஸுக்கு இரண்டு முறை வராமல் விட்ட ஒருவர்; லேபுக்கு அனுப்பிய ரத்தம் வழியில் இருக்கும்போதே பெட்டி 6.9 என்றது, உயிருக்கே ஆபத்தான அளவு. இசிஜியில் அலைகள் கூடாரம் மாதிரிக் கூர்ந்திருந்தன. லேப் ரிப்போர்ட் வருவதற்குள், இதயத்தைக் காக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஏறி முடிந்திருந்தது.

பிஎச் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர்கள் 7.4க்கும் 7.1க்கும் என்ன பெரிய வித்தியாசம், 0.3 தானே என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். இது சாதாரண அளவுகோல் இல்லை, மடக்கைக் கணக்கு. 7.4 என்றால் ஒரு லிட்டரில் ஹைட்ரஜன் அயனி 40 நானோமோல். 7.1 என்றால் 80. காய்ச்சல் 0.3 டிகிரி கூடியது மாதிரி இல்லை இது, அமிலம் இரட்டித்துவிட்டது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் சிஸ்டர், சீட்டைப் பார்த்ததும் முதலில் பிஎச் எண்ணைப் பேனாவால் வட்டமிடுவார். "மத்ததெல்லாம் காரணம்மா, இதுதான் நிலைமை" என்பார்.

சுவாசத்தால் வந்த கோளாறா, உடம்பின் ரசாயனத்தால் வந்ததா என்று பிரித்துக் காட்டுவதில் இதற்கு நிகரில்லை. ஒரு தம்பி, வயது 19 இருக்கும். "மூச்சு வாங்குது" என்று அழைத்து வந்தார்கள். நுரையீரல்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அவன் மூச்சு அடைத்துக்கொண்டு இழுக்கிற மூச்சாக இல்லை. ஓடி வந்தவன் மாதிரி ஆழமாக, சீராக, நிற்காமல். வாயில் பழம் அழுகின மாதிரி ஒரு வாசனை. சீட்டில் பிஎச் 7.08, கார்பன் டை ஆக்சைடு 16, பைகார்பனேட் 4.6. ஆக்சிஜன் மட்டும், வெறும் காற்றில், 112. நுரையீரலுக்கு ஒரு கேடும் இல்லை. சொல்லப்போனால் அந்த அறையிலேயே கஷ்டப்பட்டு உழைத்துக்கொண்டிருந்தது அதுதான். ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பொங்க, அதைச் சமன்செய்ய வாயுவை வாரி வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சர்க்கரை பார்த்தால் மீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. அவனுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அன்றுதான் தெரியும்.

இதில் டாக்டர்கள் போடும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டினால், நுரையீரல் ஒழுங்காக ஈடுகொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று வரும். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். இவனுக்கு 15 வர வேண்டும், 16 இருந்தது. நுரையீரல் தன் பங்கைச் செய்கிறது என்று அர்த்தம். 16க்குப் பதில் 28 இருந்திருந்தால், பையன் களைத்துவிட்டான், அல்லது நுரையீரலிலும் இரண்டாவதாக ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது என்று பயந்திருப்போம். இன்னொன்று: இந்த மாதிரி ஆளுக்கு அவசரப்பட்டுக் குழாய் போட்டு, வென்டிலேட்டரில் நிமிஷத்துக்கு 14 மூச்சு என்று வழக்கமான எண்ணை வைத்துவிட்டால் கதை கந்தலாகிவிடும். அவன் தானாக 36 மூச்சு விட்டுத்தான் அந்த 7.08ஐயே காப்பாற்றி வைத்திருந்தான்.

சீட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஆஸ்துமா கதை ஒன்று. ஆஸ்துமா முற்றி வந்த இளம்பெண். முதல் ஏபிஜியில் பிஎச் 7.48, வாயு 29. வேகவேகமாக மூச்சு விடுகிறவளுக்கு வாயு குறைந்துதான் இருக்கும், எதிர்பார்த்ததுதான். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது சீட்டு: பிஎச் 7.35, வாயு 41. புதிதாகச் சேர்ந்திருந்த ஜூனியர் முகம் மலர்ந்து, "எல்லாம் நார்மல் ஆயிடுச்சு சிஸ்டர்!" என்றார். அச்சடித்த நார்மல் அளவோடு ஒப்பிட்டால் அவர் சொன்னது சரிதான். ஆனால் கட்டிலில் இருந்தவள் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் இருந்தாள். தோள் தூக்கித் தூக்கி விழுந்தது, வீசிங் சத்தம்கூடக் குறைந்துவிட்டது. 29ல் இருந்து 41க்கு ஏறினது குணமானதால் இல்லை, தசைகள் ஓய்ந்துகொண்டிருந்ததால். கடும் ஆஸ்துமாவில் நார்மலான வாயு அளவு ஓர் அபாய மணி. மயக்கவியல் டாக்டரைக் கூப்பிட்டோம், அவர் சரியான நேரத்துக்கு வந்தார். அந்த ஜூனியர் இன்று நல்ல டாக்டர். சீட்டைக் கையில் கொடுத்தால் முதலில் நோயாளியைத்தான் பார்க்கிறார்.

ஆக்சிஜன் எண்ணையும் தனியாகப் படிக்கக் கூடாது. 80 என்று வருகிறது. நல்லதா, கெட்டதா? வெறும் காற்றில் மூச்சு விடுகிறவருக்கு 80 என்றால் கவலை இல்லை. வென்டிலேட்டரில் 80 சதவீத ஆக்சிஜன் போய்க்கொண்டிருப்பவருக்கும் அதே 80 என்றால் நிலைமை ரொம்ப மோசம். வருகிற அளவை, கொடுக்கிற அளவால் வகுத்துப் பார்க்க வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; முதல் ஆளுக்கு 80ஐ 0.21ஆல் வகுத்தால் 380 வரும், இரண்டாவது ஆளுக்கு 0.8ஆல் வகுத்தால் 100. ஏஆர்டிஎஸ் என்கிற கடும் நுரையீரல் பாதிப்பை 300, 200, 100 என்று இந்த எண்ணை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். இங்கேதான் பெட்டி மேல் எனக்கு ஒரு கோபம். எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்று நாம் தட்டச்சு செய்யாவிட்டால், எங்கள் பெட்டி தன்னிச்சையாக 21 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடும். அவசரத்தில் யார் தட்டுகிறார்கள்? சாகக் கிடக்கிறவர் காகிதத்தில் சொஸ்தமாக இருப்பார். கேட்காமல் விடாதே, நிரப்பாமல் நகர விடாதே என்று அமைத்திருக்க வேண்டாமா?

இதைவிடப் பெரிய கோபம் கேலிப்ரேஷன் மேல். குறிப்பிட்ட இடைவெளியில் பெட்டி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். அவசியம்தான், அது இல்லாமல் எண்களை நம்ப முடியாது. ஆனால் நான் சிரிஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் நேரம் பார்த்துத்தான் 'காத்திருக்கவும்' என்று திரையில் போடுவது அதன் ஜாதக விசேஷம். நேரத்தைத் தள்ளிப்போடும் பட்டன் எட்டு மெனுவுக்கு அடியில் இருக்கிறது என்பது எனக்கே மூன்றாவது வருஷம்தான் தெரிந்தது. ரத்தம் உறைந்து ஒரு சின்னக் கட்டி உள்ளே போய்விட்டால் அதோடு போச்சு. ஒரு ராத்திரி முக்கால் மணி நேரம் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு, கடைசியில் கார்ட்ரிட்ஜையே மாற்றினோம். புது கார்ட்ரிட்ஜ் பதமாகி வேலைக்கு வர இன்னும் நேரம். அதுவரை மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு மாடிக்கு ஓடினேன்.

ஓடித்தான் ஆக வேண்டும். எடுத்த ரத்தம் செத்துப்போன பொருள் இல்லை. சிரிஞ்சுக்குள்ளேயும் அணுக்கள் ஆக்சிஜனைத் தின்றுகொண்டு, வாயுவை விட்டுக்கொண்டு, சர்க்கரையைக் கரைத்து லாக்டேட்டைக் கூட்டிக்கொண்டுதான் இருக்கும். அரை மணிக்குள் பெட்டியில் காட்டிவிட வேண்டும். ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணு எக்கச்சக்கமாக ஏறினவர்களுக்கு அந்த அவகாசம்கூட இல்லை. நாம் நடந்து போகிற நேரத்துக்குள் அணுக்களே ஆக்சிஜனைக் காலி செய்துவிடும், நன்றாக இருக்கிறவருக்கு ஆக்சிஜன் பாதாளத்தில் என்று சீட்டு வரும். முன்பெல்லாம் ஐஸில் வைத்துக் கொண்டுபோகச் சொல்வார்கள். இப்போதைய பிளாஸ்டிக் சிரிஞ்சுக்கு அது சரிப்படாது, குளிரில் ஆக்சிஜன் அளவு பிசகும். உடனே பார்ப்பதே மேல்.

எங்கள் கை மேல் பழி என்று சொன்னேனே, அது இனிமேல்தான். ஏபிஜியில் வரும் தப்பு எண்களில் பெரும்பாலானவை சிரிஞ்சிலேயே பிறந்தவை என்பது என் அனுபவம். காற்றுக் குமிழி ஒன்று உள்ளே இருந்தால் போதும். வெளிக்காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் கிட்டத்தட்ட 150; குமிழி ரத்தத்தின் ஆக்சிஜன் எண்ணை அந்த 150 பக்கம் இழுக்கும், கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துவிடும். மூச்சுத் திணறுகிறவர் தேறிவிட்டதாகச் சீட்டு சொல்லும். ஊசியைக் கழற்றியதும் சிரிஞ்சை நிமிர்த்திச் சுண்டி, குமிழியை வெளியேற்றி, மூடி போட்டு, அப்புறம் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். உருட்டாவிட்டால் அணுக்கள் அடியில் படிந்து ஹீமோகுளோபின் தப்பாக வரும். இந்த உருட்டல் பத்து விநாடி வேலை. அதைச் செய்யாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாதாரண சிரிஞ்சில் குப்பியிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் திரவத்தை இழுத்து, பீய்ச்சிவிட்டு, அதிலேயே ரத்தம் எடுப்போம். பீய்ச்சாமல் கொஞ்சம் தங்கினாலும் ரத்தம் நீர்த்துப்போகும். கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் சேர்ந்து இறங்கும். இல்லாத அமிலத்தன்மையைத் தேடி டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இப்போது உலர்ந்த ஹெப்பாரின் உள்ளேயே இருக்கும் தனி சிரிஞ்ச் வருகிறது. அதற்கு மட்டும் கேட்டால் ஐந்துக்கு ஐந்து போடுவேன்.

என் சொந்தத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்த ஒருவருக்கு மணிக்கட்டில் நாடி கிடைக்காமல், தொடை இடுக்கில் குத்தினேன். ரத்தம் வந்தது, ஓடினேன். ஆக்சிஜன் 38! டாக்டர் குழாய் போடும் டிராலியை இழுத்துவிட்டார். நல்ல காலம், இன்னொரு டாக்டர் விரல் கிளிப்பைப் பார்த்தார்: 95, அலையும் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. நோயாளி அவரைப் பார்த்து "என்னாச்சு சார்?" என்றார். ஆக்சிஜன் 38ல் இருக்கிற ஆள் அப்படி விசாரிக்க மாட்டார். நான் குத்தியது தமனியை அல்ல, பக்கத்தில் ஓடும் சிரையை. சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் 40 வாக்கில்தான் இருக்கும். தமனி என்றால் சிரிஞ்சின் பிஸ்டன் நாடியோடு சேர்ந்து தானாகத் துடித்துத் துடித்து ஏறும். நான் இழுத்துத்தான் எடுத்தேன் என்பது பிறகு யோசித்தபோது ஞாபகம் வந்தது. அன்று முதல் சந்தேகம் இருந்தால் சீட்டின் மேலேயே 'சிரையாக இருக்கலாம்' என்று எழுதிவிடுவேன். வெட்கப்பட்டு மறைத்தால் யாரோ ஒருவர் தொண்டையில் வீணாகக் குழாய் இறங்கும்.

விரல் கிளிப் முழுசாக ஏமாந்துபோகும் ஓர் இடம் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று வந்தவர். கிளிப்பில் 99. சாதாரணக் கிளிப் இரண்டே நிற ஒளியை வைத்துப் பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஒட்டியது என்றே எண்ணிவிடும். ஏபிஜியிலும், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் நன்றாகத்தான் இருந்தது. காட்டிக்கொடுத்தது எங்கள் பெட்டிக்குள் இருக்கும் கோ-ஆக்சிமீட்டர் என்கிற பகுதி. பல நிற ஒளியைப் பாய்ச்சி, ஹீமோகுளோபினை வகைவகையாகப் பிரித்து எண்ணும். கார்பன் மோனாக்சைடு ஒட்டியது 28 சதவீதம் என்று வந்தது. இந்த வசதி இல்லாத பெட்டிகளில் ஆக்சிஜன் செறிவு என்று அச்சாவது வெறும் கணக்கு. அதுவும் 99 என்றுதான் சொல்லும். உங்கள் மருத்துவமனைக்குப் புதுப்பெட்டி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால், தொடுதிரையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், இது இருக்கிறதா என்று கேளுங்கள்.

திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் லாக்டேட்டும் அப்படித்தான், வெளியே தெரியாததைக் காட்டிக்கொடுக்கும். கிருமித் தொற்றோடு வந்த ஒரு பாட்டியம்மா. பிரஷர் 110க்கு 70, பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண வார்டுக்கு அனுப்பலாமா என்று பேச்சு நடந்தது. லாக்டேட் 5.2 என்று வந்தது. 2க்குக் கீழே இருக்க வேண்டியது. வெளியே பிரஷர் தாங்கி நிற்க, உள்ளே திசுக்கள் பட்டினி கிடந்தன. எங்களிடமே வைத்துக்கொண்டோம். ஆறு மணி நேரத்தில் 2.4க்கு இறங்கியபோது பாட்டியம்மா என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பாகிவிட்டார்.

இந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1952ல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோய். மூச்சுத் தசை செயலிழந்த பிள்ளைகளின் ரத்தத்தில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு ஏறிக் கிடந்தது. பிஎச்சோடு சேர்த்துப் பார்க்காததால், அதைக் காரத்தன்மை என்று டாக்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் டாக்டர்தான், இது காரமில்லை, வெளியேறாமல் தேங்கிய வாயு என்றார். 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டு, கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அப்புறம் மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவு பகலாகப் பை அமுக்கினார்கள். ரத்தத்தில் வாயுவை எளிதாக அளக்க வேண்டிய கட்டாயம் அங்கேதான் வந்தது. அந்த ஆஸ்பத்திரியின் லேபிலிருந்த போல் ஆஸ்ட்ரப் அதற்கு வழி கண்டார். 1956ல் லேலண்ட் கிளார்க் ஆக்சிஜன் மின்முனையை அறிமுகப்படுத்தினார். அடுத்த சில வருஷத்தில் ஜான் செவரிங்ஹாஸ் மூன்றையும் ஒரே கருவியில் சேர்த்தார். என் மூலைப் பெட்டி அதன் பேரப்பிள்ளை.

குத்தப்படுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால்? வலிக்கும். பொய் சொல்லப் போவதில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையை நினைத்துக்கொண்டு கையை நீட்டுகிறவர்கள் முகம் சுளிப்பதைத் தினமும் பார்க்கிறேன். தமனி ஆழத்தில் இருக்கிறது, சுற்றிலும் நரம்பு. மரத்துப்போகும் ஊசி முதலில் போடலாம். அவசரம் இல்லாத நேரத்தில் கேட்டால் போடுவோம், கேளுங்கள். மணிக்கட்டில் குத்துவதற்கு முன், இரண்டு தமனியையும் அமுக்கி, கை வெளுத்ததும் ஒன்றை மட்டும் விட்டு, சிவப்பு திரும்புகிறதா என்று பார்ப்பது வழக்கம். அந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நான் விடாமல் செய்கிறேன், பழகிவிட்டது.

எனக்கு ஒப்பாத விஷயம், தேவையில்லாமல் எடுப்பது. தமனியில் குழாய் போட்டு வைத்துவிட்டால் குத்த வேண்டிய வேலை இல்லையே என்று, ஷிப்டு மாறும்போதெல்லாம் சடங்கு மாதிரி ஒன்று எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மில்லி, குழாயில் நிற்பதை இழுத்துக் கொட்டுவது வேறு. ஒரு வாரம் படுத்திருப்பவருக்கு அதுவே ரத்தசோகைக்கு ஒரு கை கொடுக்கும். அந்தத் தம்பி மாதிரி சர்க்கரை நோயால் அமிலம் ஏறியவருக்கு முன்னேற்றம் பார்க்கச் சிரை ரத்தமே போதும். பிஎச் தமனியைவிட 0.03 அளவுக்குத்தான் குறையும். ஆக்சிஜன் அளவு துல்லியமாக வேண்டும் என்றால் மட்டும் சிரை உதவாது.

நோய் என்ன என்று இது சொல்லும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அமிலம் ஏறியிருக்கிறது என்று சொல்லும். கீட்டோனா, தொற்றா, சிறுநீரகமா, விழுங்கிய விஷமா என்பதை நாம்தான் தேட வேண்டும். வேகமாக மூச்சு விட்டு வாயு 24க்கு இறங்கியிருந்தால் பதற்றம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தவருக்கும் அதே 24 வரும்.

ஆக, கோ-ஆக்சிமீட்டர் உள்ள பெட்டி, உலர் ஹெப்பாரின் சிரிஞ்ச், உருட்டத் தெரிந்த கை என்று மூன்றும் சேர்ந்திருந்தால் 5க்கு 4. இவற்றில் கை மட்டும் சரியில்லாவிட்டால் 2கூடத் தேறாது.

ஊசியை எடுத்தபின் ஐந்து நிமிஷம் அமுக்கிப் பிடிக்க வேண்டும், ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவருக்கு அதற்கும் மேலே. பஞ்சை வைத்து டேப் ஒட்டிவிட்டுப் போனால் மணிக்கட்டு வீங்கிக் கன்றிவிடும். சிரிஞ்சை எடுத்துக்கொண்டு வேறு யாராவது ஓட, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கையைப் பிடித்தபடி நிற்பேன். அந்த சிஓபிடி ஐயாவுக்கு விடிகாலையில் மூன்றாவது முறை எடுத்துவிட்டு அப்படி நின்றபோது, மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் சொன்னார்: "குத்தினதுகூடப் பரவாயில்லம்மா. இந்தப் பிடியைக் கொஞ்சம் விடு."

இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. விடவில்லை.